கூப்பிடுவினம்

எந்தப் பொருளுக்கும் முதலில் சொல்லப்படும் விலையை அக்கா விலையாக எடுத்துக்கொண்டதே இல்லை. அதை ஒரு வணக்கம் போலத்தான் எடுத்துக்கொள்வார். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்வதுபோல, கேட்டதில் பாதியைத் தான் சொல்வார். பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

மதிய இடைவேளையில் மன்னார் மீன் சந்தையில் அவரோடு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிடரியில் வெயில் சுடுகிறது. காலையில் மீன் வாங்கமாட்டார். வெயில் ஏறி, ஐஸ் கரைந்து, விற்கிறவர்களின் முகத்தில் அவசரம் தெரியத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் போவார். போவது எப்போதும் காதர் நானாவின் பலகைக்கு.

"நானா, இந்த விளைமீன் என்ன விலை?"

நானா விலை சொல்வார். அக்கா சிரிப்பார்.

"மீனைத்தானே கேட்டனான். நீங்கள் வள்ளத்துக்கு விலை சொல்லுறியள்."

"மிஸ், காத்து கடும. ஒருத்தரும் கடலுக்குப் போகல்ல. வந்த மீனே இவ்வளவுதான்."

"அப்ப வைச்சிருங்கோ. நீங்களே ஆக்கித் தின்னுங்கோ."

சொல்லிவிட்டு நடப்பார். இந்த நடைதான் அவருடைய வித்தை. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. வேறு வேலை உள்ள ஒருவர் நடப்பதுபோல. திரும்பிப் பார்க்கவே மாட்டார். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்ததற்கு என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"திரும்பிப் பாத்தால் விலை ஏறும், தம்பி. பேசாமல் வாங்கோ. கூப்பிடுவினம்."

கூப்பிடுவார்கள். அதுதான் எரிச்சல். ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார்கள். "மிஸ்! வாங்க மிஸ்! எடுத்துட்டுப் போங்க!" என்ற குரல் கேட்ட பிறகும் இன்னும் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத்தான் திரும்புவார். மீனைப் பையில் போட்ட பிறகு, காசைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்பார்: "மேல ஒண்டு போடுங்கோ." ஒரு சூடை மீனோ, ஒரு நண்டோ, ஒன்றுமில்லாவிட்டால் பக்கத்துப் பலகையிலிருந்து ஒரு தேசிக்காயோ, ஏதாவது ஒன்று மேலே விழாமல் அவருடைய பை மூடாது.

எங்கள் கடல்வள ஆய்வு நிலையத்தில் அவர் நூலகர். நான், வெளிநாட்டுக்கு உணவாகப் போகும் கடலட்டையை வளர்க்கும் பிரிவில் ஆய்வு உத்தியோகத்தன். அவரை விட வயதில் இளையவன் என்பதால் எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் தம்பி. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், கேளாமல் எழுதினதற்கு என்ன தருவியள் என்று கேட்பார்.

பேரம் பேசக்கூடாத இடம் என்று ஒன்று அவருக்கு இருக்கவில்லை. பஸ் கொண்டக்டரோடு பேசுவார். மின்விசிறி திருத்த வந்தவரோடு பேசுவார். ஒருமுறை கோயில் திருவிழாவில் மெழுகுதிரிக்கு விலை பேசிக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அந்தோனியாருக்கு எரிக்கிற திரி, அக்கா. அதுக்குமோ?"

"அந்தோனியாரோட நான் பேசேல்லையே. விக்கிறவரோடதானே பேசுறன்."

விற்கிறவரும் சிரித்துவிட்டார். மேலே ஒரு திரி விழுந்தது. அதையும் ஏற்றிவிட்டு, "இது உங்களுக்காக, தம்பி. பொறுமை வரட்டும்" என்றார்.

நூலகம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றை நினைக்கவேண்டாம். கடற்பக்கம் பார்த்த நீளமான ஓர் அறை. சோழகக் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் மேசையில் உப்புப் படியும். மூடினால் மூச்சு முட்டும். இரும்பு அலுமாரிகள் துருப்பிடித்துக் கதவு திறக்கும்போது கத்தும். வெளியே விறாந்தையில் ஊர்க் கழுதைகள் நிழலுக்கு ஒதுங்கி நிற்கும். தபாலில் வரும் இதழ்களின் உறையை அவர் விறாந்தையில் நின்று கிழிப்பார். காகிதத்தைக் கழுதைகள் தின்னும். "முழு உலகத்திலயும் இந்த ஜேர்னலால வயிறு நிறையிறது இதுகளுக்கு மட்டும்தான்" என்பார்.

அங்கே வந்த வெளிநாட்டு ஆய்விதழ்கள் சில. மீன் நோய்கள் பற்றி ஒன்று, முத்துச்சிப்பி முதலிய ஓடுடைய உயிர்கள் பற்றி ஒன்று, கடல்நீர் பற்றி ஒன்று, இப்படி. நாங்கள் வளர்க்கும் உயிருக்கு ஒரு நோய் வருத்தம் வந்தால், உலகத்தில் வேறெங்காவது அதே வருத்தம் வந்து யாராவது அதைப் பார்த்து எழுதியிருப்பார்கள். அதைத் தேடி எடுக்க எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இந்த இதழ்களின் சந்தா வருடா வருடம் கூடியது. காகிதம் விலை கூடிவிட்டது என்றார்கள். தபால் கூடிவிட்டது என்றார்கள். பிற்பாடு காகிதமும் தபாலும் இல்லாமற்போன பிறகும் கூடியது. நிலையத்துக்கு வரும் பணம் கூடவில்லை. ஆகவே ஒவ்வொரு வருடமும் அக்கா எங்களை மேசையைச் சுற்றி இருத்தி, எதை விடுவது என்று கேட்பார். கடல்நீர்க்காரர் கடல்நீரை விடமாட்டார். முத்துச்சிப்பிக்காரர் முத்துச்சிப்பியை விடமாட்டார். சத்தம் போட்டு முடிந்து, அந்த நாளில் லீவில் நிற்கிறவரின் இதழை நிறுத்துவோம்.

அவர் மட்டும் அந்தச் சத்தத்தில் சேரமாட்டார். "நீங்கள் ஏன் உங்களுக்குள்ள அடிபடுறியள்? விக்கிறவனோடயல்லோ அடிபடவேணும்?" என்பார். அடிபடவும் செய்தார். கொழும்பில் ஒரு முகவர் இருந்தார். இதழ்களை வெளியிடும் வெளிநாட்டுக் கம்பனிக்கு இங்கே சந்தா சேர்ப்பவர். கழுத்துப்பட்டி கட்டி ஒருமுறை மன்னாருக்கே வந்தார். அந்த வெக்கையில் அவரை ஒரு பழைய கதிரையில் இருத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அக்கா விலைப்பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வள்ளத்துக்கு விலை சொல்லுறியள்.

"மேடம், இது ஃபிக்ஸ்ட் ப்ரைஸ். உலகம் முழுக்க இதுதான்."

"உலகம் முழுக்க வாங்கட்டும். நாங்கள் விடுறம். தம்பி, அந்த யன்னலைச் சாத்துங்கோ, ஐயா வெளிக்கிடப் போறார்."

மனிதர் வெளிக்கிட்டார். மன்னார்ப் பாலம்கூடத் தாண்டியிருக்கமாட்டார், தொலைபேசி அடித்தது. விலை குறைந்தது. மேலே ஒன்றும் விழுந்தது: ஒரு நாட்காட்டி. வருடம் முழுவதும் அந்த நாட்காட்டி நூலகச் சுவரில் வெற்றிக்கொடி போலத் தொங்கியது. அவர் பேரம் பேசும்போதெல்லாம் முகம் சுளிக்கும் நான், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அந்த ஒரு வெற்றிதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது என்று நான் நினைப்பதுண்டு.

நான் எழுதிய ஒரு கட்டுரை அந்தக் கம்பனியின் இதழில் வெளிவந்த நாளையும் சொல்லவேண்டும். எங்கள் தொட்டிகளில் கடலட்டைக் குஞ்சு வளர்த்த விவரம். எனக்கு அது பெரிய காரியம். இதழைக் கொண்டுபோய் அக்காவின் மேசையில் வைத்தேன். பக்கத்தைப் புரட்டி என் பெயரைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது என்றே நினைக்கிறேன். பிறகு கேட்டார்:

"எவ்வளவு தந்தவை?"

"ஒண்டும் தாறதில்லை, அக்கா."

"பிறகு தருவினமோ?"

"இல்லை."

"இதைப் படிச்சுப் பிழை திருத்தின ஆக்களுக்கு?"

"அவைக்கும் இல்லை. அவையும் எங்களைப்போல ஆராய்ச்சிக்காரர்தான்."

"அப்ப நாங்கள் கட்டுற காசு ஆருக்குப் போகுது?"

நூலகராக இருந்த அவருக்கு இந்த விவரம் தெரியாமலிருந்திருக்காது. ஆனால் அப்படிக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டு வந்த ஆளைக் கண்ணெதிரே கண்டது அன்றைக்குத்தான்.

"நீங்கள் கேக்கவே இல்லையோ?"

"கேக்கிற வழக்கமில்லை, அக்கா."

"வழக்கமில்லையாம்! கடலுக்குப் போனது நீங்கள், பிடிச்சது நீங்கள், அவனுக்குச் சும்மா குடுத்திட்டு, அதையே காசு குடுத்து என்னட்ட வாங்கச் சொல்லுறியள். காதர் நானாக்கு இப்பிடி ஒரு ஆள் கிடைச்சால் இண்டைக்கு மாடி வீடு கட்டியிருப்பார்."

அன்றிலிருந்து நான் "சும்மா குடுத்த தம்பி". தேநீர் கொண்டுவருகிறவர் வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. சந்தையில் ஒருநாள் காதர் நானா என்னைப் பார்த்து, "சேர், உங்கட மீனையும் எனக்குத் தாங்களன்" என்றபோது அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு காகித இதழ் நின்றது. எல்லாம் கணினியில் வரும், மலிவு, இடமும் மிச்சம், உப்புக்காற்றில் பழுதாகவும் மாட்டாது என்று முகவர் தொலைபேசியில் சொன்னார். மலிவு என்றதும் அக்காவுக்குச் சந்தோஷம்; இன்னும் குறைத்து எடுத்தார். எனக்கும் சந்தோஷம். பல வருட இதழ்களை என் மேசையிலிருந்தே திறந்து படிக்கலாம். ஒப்பந்தத்தை நானும் வாசித்தேன். வாசித்து விளங்கியதாகவே நினைத்தேன். விறாந்தைக் கழுதைகள் மட்டும் சில நாள் வந்து காகிதத்துக்காக நின்றுவிட்டுப் போயின.

அந்த மலிவு நிலைக்கவில்லை. கம்பனியை இன்னொரு பெரிய கம்பனி வாங்கியது. புதிய விலை வந்தது. அது பழைய விலையின் இரட்டிப்பு. அதோடு ஒரு புதிய முறையும் வந்தது: தனியே ஓர் இதழ் எடுக்க ஏலாது, எடுப்பதென்றால் ஒரு கட்டாகத்தான் எடுக்கவேண்டும். அந்தக் கட்டில் எங்களுக்கு வேண்டிய மீன் நோய் இதழோடு, ஐஸ் மிதக்கும் கடல்களின் மீன்களைப் பற்றிய ஓர் இதழும், மலை ஆறுகளைப் பற்றிய ஓர் இதழும், நான் பெயர் கேட்டிராத இன்னும் பலவும் இருந்தன. மன்னாரில் ஐஸ் என்றால் காதர் நானாவின் பெட்டியில் இருப்பதுதான்.

அக்கா பட்டியலைப் பார்த்தார். சிரித்தார்.

"விளைமீன் ஒண்டு கேட்டால், நாறின சூடை ஒரு கூடையும் சேத்து எடு எண்டுறான். சரி. நடப்பம்."

"அக்கா, அவசரப்படாதேங்கோ. ஏஜண்டுக்கு முந்தின அதிகாரம் இல்லை இப்ப. அவர் வெறும் தபால்காரர் மாதிரி. விலை போடுறவை எங்கையோ இருக்கினம்."

"எங்க இருந்தாலும் விக்கத்தானே இருக்கினம்? கூப்பிடுவினம், தம்பி. பேசாமல் இருங்கோ."

சந்தாவைப் புதுப்பிக்கவில்லை என்று எழுதி அனுப்பினார். நிலையத்தின் தலைவரான பணிப்பாளருக்குப் பணம் மிச்சப்பட்டதில் ஆட்சேபணை இல்லை.

ஒரு வாரம் போயிற்று. கூப்பிடவில்லை. ஒரு மாதம் போயிற்று. காலையில் நான் வந்து கணினியைத் திறக்கும்போதே வாசலில் நிற்பார். "மெயில் ஏதும் வந்ததோ?" "இல்லை, அக்கா." "வரும்." அந்த "வரும்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பல் கூசத் தொடங்கியது. ஒருநாள் சத்தம் போட்டே விட்டேன்.

"அக்கா, காதர் நானா கூப்பிடுறது ஏன் தெரியுமோ? மத்தியானம் கழிஞ்சால் மீன் நாறும். அதுதான் கூப்பிடுறார். இவையின்ர சாமான் நாறாது. நீங்கள் போனதையே அவை காணேல்லை."

கோபப்படுவார் என்று நினைத்தேன். யோசித்தார்.

"நாறாட்டியும், வாங்க ஆள் வேணும்தானே?"

"வாங்க உலகம் முழுக்க ஆள் இருக்கு."

"எல்லாரும் என்னைப்போல நடந்தால்?"

"எல்லாரும் நடக்கமாட்டினம், அக்கா."

"அதுதான் பிழை" என்றார். "நடக்கிறதிலை பிழையில்லை."

பதில் இல்லாதபோது வரும் கோபம் மற்றக் கோபங்களை விட மோசமானது. அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

அடுத்து வந்த மழைக்காலத்துக்குப் பிறகுதான் சூசை அண்ணை வந்தார். இலுப்பைக்கடவைக்காரர். போருக்குப் பிறகு திரும்பி வந்து, கடலோரத்தில் வலையடைத்து, எங்கள் நிலையம் கொடுத்த குஞ்சுகளை வாங்கி விட்டுக் கடலட்டை வளர்த்தவர். வள்ளத்தை விற்றுத்தான் அந்த அடைப்புகளைப் போட்டிருந்தார். ஒரு பிளாஸ்டிக் பேசின் பாத்திரத்தைத் தலையில் சுமந்து வந்து என் முன்னால் இறக்கினார். உள்ளே இருந்த அட்டைகளின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் புண். சில கரைந்து சளியாகியிருந்தன.

"ஒரு அடைப்பு முழுக்க இப்பிடித்தான், சேர். மற்ற ரெண்டிலயும் துவங்கீற்றுது. என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ."

எனக்குத் தெரியவில்லை. எங்கள் தொட்டிகளிலும் அதே புண் தொடங்கியிருந்தது. புண்பட்டவற்றைத் தூக்கி, நிழலில் ஒரு தொட்டியில் நல்லவற்றோடு சேர்த்து வைத்துப் பராமரித்துக்கொண்டிருந்தோம். அது சரியா பிழையா என்று சொல்ல ஆளில்லை. ஆனால் இந்தப் புண்ணைப் பற்றி ஒரு கட்டுரை மீன் நோய் இதழில் வந்தது எனக்கு நினைவிருந்தது. படங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பிறகு ஆறுதலாக வாசிப்போம் என்று விட்டிருந்தேன். நாங்கள் சந்தா கட்டியிருந்த வருடத்தில் வந்தது. ஆகவே கவலையில்லாமல் கணினியைத் திறந்தேன்.

தலைப்பு வந்தது. எழுதியவர் பெயர் வந்தது. அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம்.

முந்திய வருடத்தைத் திறந்தேன். பூட்டு. அதற்கு முந்தியது. பூட்டு. என் சொந்தக் கட்டுரையைத் தேடினேன். என் பெயர், அதன் கீழே பூட்டு. ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்து வாசித்தபோதுதான் விளங்கியது: நாங்கள் வாங்கியது இதழ்களை அல்ல, சந்தா கட்டும் காலத்துக்கு எட்டிப் பார்க்கும் அனுமதியை மட்டும்.

அக்காவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது நாங்கள் காசு கட்டின வருசமல்லோ?"

"ஓம்."

"கட்டினதுக்கும் பூட்டோ?"

"ஓம், அக்கா."

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "காசு குடுத்து வாங்கி, வீட்டை கொண்டுபோய், ஆக்கித் திண்ட மீனையும் திருப்பிக் கேக்கினமோ?"

சூசை அண்ணை பேசினுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, கிடைக்கேல்லையோ?" என்றார்.

"கிடைக்கும், அண்ணை. நாளைக்கு வாங்கோ" என்றார் அக்கா. எதை வைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

கட்டுரையை எழுதியவருக்கே எழுதிக் கேட்டேன். அவர் இறந்துவிட்டார் என்று அவருடைய பல்கலைக்கழகத்திலிருந்து அன்று மாலையே பதில் வந்தது. தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். விலை காரணமாக அவர்களும் அந்தக் கட்டைச் சென்ற வருடம் விட்டிருந்தார்கள். ஒற்றைக் கட்டுரையை மட்டும் வாங்கலாம் என்று திரையில் எழுதியிருந்தது. அதற்கு வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் வங்கி அட்டை வேண்டும். நிலையத்துக்கு அப்படி ஒன்று இல்லை. எனக்கும் இல்லை.

மறுநாள் காலை கணினியைத் திறந்தபோது அந்தக் கம்பனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அக்காவுக்குச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை மறக்கமாட்டேன். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சொன்னனான்தானே. நேற்று நாங்கள் தட்டிப் பாத்தது அவைக்குத் தெரிஞ்சிருக்கு. எவ்வளவு எண்டு போட்டிருக்கு?"

விலை ஒன்றும் போட்டிருக்கவில்லை. நீங்கள் ஏன் எங்களை விட்டுப் போனீர்கள், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று இருந்தது. கீழே சில கட்டங்கள். பொருத்தமான காரணத்துக்கு அடையாளம் இடவேண்டும். அக்கா என்னிடமிருந்து கணினியின் எலியை வாங்கி, "விலை" என்ற கட்டத்தில் தானே அடையாளம் இட்டு அனுப்பினார். கண் மூடித் திறக்குமுன் பதில் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி.

"அவ்வளவும்தானோ?"

"அவ்வளவும்தான், அக்கா. மெசின் அனுப்பிறது."

"அப்ப ஒருதரும் கூப்பிடேல்லை" என்றார்.

விறாந்தையில் சூசை அண்ணை வந்து நின்றார். இந்த முறை பேசின் இல்லை. இரண்டாவது அடைப்பும் போய்விட்டது என்றார். மூன்றாவதில் பாதி நன்றாக இருக்கிறது என்றார். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா எழுந்து பணிப்பாளரின் அறைக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. அந்த வருடம் புத்தகம் வாங்க இருந்த பணம், பழைய புத்தகங்களுக்கு அட்டை கட்டுவதற்கு வைத்திருந்த பணம், பத்திரிகைகளுக்கான பணம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொள்ளக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். வந்து தொலைபேசியை எடுத்தார். அந்தத் தொலைபேசியில் மறுமுனைப் பேச்சு அறை முழுவதும் கேட்கும்.

முகவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். குரலில் எச்சரிக்கை தெரிந்தது. விட்டுப்போய்த் திரும்பி வருகிறவர்களுக்குப் பழைய சலுகை கிடையாது என்றார். புதிய விலை என்று ஒரு தொகை சொன்னார். நாங்கள் விட்டு நடந்த விலையை விட அது கூட. கையெழுத்திட்ட கடிதத்தை ஃபாக்ஸில் அனுப்பினால் இன்றைக்கே திறந்துவிடலாம், காசு பிறகு வரலாம் என்றார்.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன்.

"சரி" என்றார்.

"மேடம்?"

"சரியெண்டு சொன்னனான்."

"வேற ஒண்ணும்... கேக்கலியா, மேடம்?"

அந்த மனிதரும் காத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு நாட்காட்டியாவது கேட்பார் என்று இருவரும் காத்திருந்தோம்.

"இல்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

எத்தனையோ மதியங்கள் வெயிலில் நின்று, ஐயோ, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாருங்களேன் என்று மனதுக்குள் இவரைத் திட்டியிருக்கிறேன். கொடுத்துவிட்டார். என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை.

மாலைக்குள் பூட்டுத் திறந்தது. கட்டுரையில் வழி இருந்தது. நாங்கள் செய்துகொண்டிருந்ததற்கு நேர்மாறு: புண்பட்டதை நல்லதோடு வைக்கவே கூடாது, பிரித்து எடுத்து, தொட்டியை வெறுமையாக்கி, மணலை வெயிலில் காயவிடவேண்டும். எங்கள் தொட்டிகளை அன்றைக்கே வெறுமையாக்கினோம். சூசை அண்ணை தன் பெண்சாதியோடும் மைத்துனனோடும் நெஞ்சளவு தண்ணீரில் நின்று மூன்றாவது அடைப்பில் மிஞ்சியவற்றைக் கையால் தெரிந்தெடுத்து வேறிடத்துக்கு மாற்றினார். அந்தப் பாதி தப்பியது. மற்ற இரண்டரை அடைப்பும் தப்பவில்லை. கட்டுரை அந்த முதல் நாளிலேயே திறந்திருந்தால் எவ்வளவு தப்பியிருக்கும் என்று அவர் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஐஸ் மிதக்கும் கடல்களின் மீன்களைப் பற்றிய இதழும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கட்டிய காசுக்கு என்று அக்கா அதையும் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார். அந்த வருடம் நூலகத்துக்கு ஒரு புதிய புத்தகமும் வரவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் மதியத்தில் வெளியே வரவில்லை. ஒரு சனிக்கிழமை நானாகவே போய், "அக்கா, சந்தைக்குப் போவம்" என்றேன். அப்படி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வந்தார்.

காதர் நானாவின் பலகையில் விளைமீன் கிடந்தது. சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. அக்கா விலை கேட்டார். நானா சொன்னார். அக்கா பாதியைச் சொன்னார். நானா தலையை ஆட்டிவிட்டு வேறொருவருக்கு மீன் நிறுக்கத் திரும்பினார்.

"அப்ப வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார். நான் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அதே நடைதான், வேகமுமில்லை, மெதுவுமில்லை. நானா இன்னும் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேசிக்காய்க் கடையைத் தாண்டி, சந்தை வாசலுக்குக் கிட்டப் போனபோது அவருடைய கால் கொஞ்சம் தயங்கியது. தலை மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது.

"நானா!" என்றேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பலகைக்காரரும் திரும்பிப் பார்த்தார். "தராசை விடுங்கோ, நானா! அவ போறா! கூப்பிடுங்கோ!"